ஒரே மாத்திரை, இரண்டு மருந்து

மருந்துக்கடையில் 'சுகர் மாத்திரை' என்று கேட்டு வாங்கிப்போகும் பலரின் கையில் இருப்பது ஒரு மருந்தல்ல. ஒரே மாத்திரைக்குள் இரண்டு, சிலருக்கு மூன்று மருந்துகள் இருக்கும். அட்டையில் பிராண்டு பெயர் பெரிதாக இருக்கும், அதன் ஓரத்தில் 1 அல்லது 2 என்று ஓர் எண். நம் நாட்டில் அதிகம் எழுதப்படும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு கூட்டு மாத்திரையில் அந்த எண் பெரும்பாலும் கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம் என்பதைச் சொல்லும். கூடவே 'ஃபோர்ட்' என்று இருந்தால், வழக்கமாக மெட்ஃபார்மின் 500 அல்ல, 1000 மில்லிகிராம். "1 இல்லை, 2 இருக்கு, தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தால், இரண்டு மருந்தில் ஒன்று மட்டும் இரட்டிப்பாகிவிடும். இரட்டிப்பாவது, அந்த இரண்டில் கவனமாகக் கையாள வேண்டிய மருந்து.

எதற்கு இரண்டு மருந்து? டாக்டர் மாத்திரையைக் கூட்டியதும், சோறு குறைக்காததற்குத் தண்டனை கிடைத்ததுபோல் பலர் முகம் வாடிப்போகிறார்கள். அப்படி வாடத் தேவையில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான யுகேபிடிஎஸ் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருந்தது. ஒரே மருந்தை வைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் நிறுத்த முடிந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் சுமார் பாதிப்பேர், ஒன்பதாம் ஆண்டில் நாலில் ஒருவர்தான். மருந்து கூடுவதற்குக் காரணம் பல நேரம் நோயின் போக்குதான்.

சில டாக்டர்கள் இப்போது தொடக்கத்திலேயே இரண்டு மருந்து எழுதுகிறார்கள். அதற்கும் ஆதாரம் உண்டு. 2019-இல் வெளியான வெரிஃபை ஆய்வில், புதிதாக நோய் கண்ட சுமார் 2000 பேரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு மெட்ஃபார்மின் மட்டும், இன்னொரு பிரிவினருக்கு முதல் நாளிலிருந்தே மெட்ஃபார்மினுடன் வில்டாகிளிப்டின். முதல் பிரிவில் 62 விழுக்காட்டினருக்கு ஆரம்பச் சிகிச்சை பலனிழந்தது. கூட்டு மருந்துப் பிரிவில் அது 44 விழுக்காடு. இருவேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பது, ஒரே மருந்தை உச்சம் வரை ஏற்றுவதைவிடப் பலருக்கு நல்லது.

ஆனால் சேர்கிற இரண்டும் ஒரே குணம் கொண்டவை அல்ல. பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெட்ஃபார்மின் சாது. ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக வழங்கிவந்த கலேகா என்ற செடியின் வேதிப்பொருளில் வேர் கொண்டது. பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957-இல் இதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் தேவையில்லாமல் ரத்தத்தில் கொட்டும் சர்க்கரையைக் குறைப்பது இதன் முக்கிய வேலை. இன்சுலினைப் பிழிந்து வெளியே தள்ளுவதில்லை. ஆகவே தனியாகச் சாப்பிட்டால் 'லோ சுகர்' வருவது மிக அரிது.

கிளிமிபிரைடு வேறு பரம்பரை. இந்தக் குடும்பத்தின் கதை 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் தொடங்குகிறது. டைபாய்டு நோயாளிகளுக்கு மார்செல் ழான்போன் என்ற மருத்துவர் ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சலில் நலிந்து கிடந்த சிலருக்கு வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்குப் போயிருந்தது. ஒகுஸ்ட் லுபதியேர் அதை ஆராய்ந்து, அந்த மருந்து கணையத்திலிருந்து இன்சுலினை வெளியேற்றுகிறது என்று கண்டார். சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் அப்படிப் பிறந்தன. இன்றைய கிளிமிபிரைடும் கிளிக்லசைடும் பழைய கிளிபென்கிளமைடைவிடப் பாதுகாப்பானவைதான். ஆனாலும் அடிப்படைக் குணம் மாறவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை, இன்சுலினை வெளியே தள்ளிவிடும்.

இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்தவுடன், சாது மருந்தின் பழக்கத்தில் மற்றதையும் விழுங்கத் தொடங்கிவிடுகிறோம். சனிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு, பகல் இரண்டு மணிக்குப் பந்தி போடும் கல்யாண வீடு, காலையில் வெறும் காபியோடு பஸ் ஏறிய நாள் என்று எதுவானாலும் மாத்திரை மட்டும் நேரத்துக்கு உள்ளே போய்விடுகிறது. பதினோரு மணிக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல். வயதானவர்களுக்கு இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் நேராகக் குழப்பமும் உளறலும் வரலாம். "அப்பா இன்னைக்கு ஒரு மாதிரி பேசுறார்" என்று வீட்டில் சொன்னால், முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒருமுறை இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மீண்டும் இறங்கலாம். அவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே சரி. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல், சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவையும் கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டும். தோல் டாக்டரிடம் போனாலும் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் விதி. பலருக்குத் தெரியாத ஒரு விலக்கு இதில் உண்டு. மூன்று மருந்துக் கூட்டில் மூன்றாவதாக அடிக்கடி சேர்வது வோக்லிபோஸ். குடலில் மாவுச்சத்தும் சீனியும் உடைவதைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை. எனவே அதைச் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வரும்போது சீனியோ மிட்டாயோ வாயில் போட்டால் வேகமாக ஏறாது. உடைய வேண்டிய தேவையே இல்லாத குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கித் தர வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

புதிய வரவுகளில் இந்தப் பயம் குறைவு. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். டபாகிளிஃபுளோசின் வகை, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும். இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனால் கூடுதல் நன்மை. இவற்றின் காப்புரிமை 2019 முதல் ஒவ்வொன்றாக முடிந்து விலை இறங்கியதால், நம்மூர்க் கூட்டு மாத்திரைகளில் இவை தாராளமாகச் சேர்கின்றன. டபாகிளிஃபுளோசின் வகைக்கு வேறு எச்சரிக்கை உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், உடலில் நீர் வற்றலாம். அரிதாக, மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வது அதனால்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மெட்ஃபார்மினையும் இந்த வகையையும் தொடரலாமா என்று அன்றே டாக்டரைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் உடலை விட்டு வெளியேறும் வழி சிறுநீரகம். சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் அளவு 30-க்குக் கீழே போனால் அதைத் தரக் கூடாது. அதை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. கால் எரிச்சலை 'சுகர் நரம்பு' என்று தள்ளிவிட்டு, பி12 குறைவைக் கவனிக்காமல் போகிறவர்கள் உண்டு.

கூட்டு மாத்திரையின் குறை இதிலேயே தெரியும்: ஒன்றை மட்டும் நிறுத்தவோ குறைக்கவோ முடியாது. மருந்தளவு நிலைப்படும் வரை தனித்தனியாகக் கொடுத்து, பிறகு ஒன்றாக்குவதே ஒழுங்கு என்பது என் எண்ணம். சந்தை அப்படி நடப்பதில்லை. 2016-இல் மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்து, வழக்குகளுக்குப் பின் 2018-இல் 328-ஐத் தடை செய்தது. கிளிக்லசைடு 80, மெட்ஃபார்மின் 325 மில்லிகிராம் சேர்ந்த கூட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டு நல்ல மருந்தைச் சேர்த்துவிட்டால் மூன்றாவதாக ஒரு நல்ல மருந்து தானாக வந்துவிடாது.

வீட்டில் நடக்கும் தவறு இன்னும் எளிமையானது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைத்த மெட்ஃபார்மின் ஒரு டப்பாவில், தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை இன்னொரு டப்பாவில். பெயர் வேறு என்பதால் இரண்டும் உள்ளே போகும். இன்னொன்று, மாத்திரை பெரிதாக இருக்கிறது என்று இடிப்பது. 'எஸ்ஆர்' என்று போட்ட மாத்திரை மருந்தை மெல்ல விடுவதற்காகச் செய்யப்பட்டது. இடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். விழுங்க முடியாதவர்கள் டாக்டரிடம் சொல்லி வேறு வடிவம் கேட்கலாம்.

ஒரு காகிதத்தில் பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களையும் மில்லிகிராமையும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கடைசி அளவையும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் டாக்டர், கண் அறுவை செய்கிறவர், ஸ்கேன் எடுக்கும் இடம் என்று எங்கே போனாலும் கேட்காமலேயே அதை நீட்டுங்கள்.