வெட்டினால்தான் திருட்டு

நிற்கிற மரத்தைத் திருட முடியாது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 378-ஆம் பிரிவில் அப்படித்தான் கணக்குப் போட்டது. அசையும் பொருளைத்தான் திருட முடியும்; மரம் மண்ணைவிட்டுப் பிரிந்த பிறகே அந்தக் கணக்கில் சேரும். அடுத்தவர் நிலத்து மரத்தை வெட்டுவதே அந்தப் பிரிவு தரும் முதல் எடுத்துக்காட்டு. பிடிபட்ட பொருளை உரியவரிடம் ஒப்படைக்க 1898-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் வழி வைத்தது. தெரியாமல் வாங்கி ஏமாந்தவருக்குக்கூட, திருடனிடம் சிக்கிய பணத்திலிருந்து ஈடு கொடுக்கலாம். மாட்டுக்கும் குத்துவிளக்குக்கும் இது கச்சிதமான ஏற்பாடு. ஜவ்வாது மலைச் சந்தனத்துக்குத்தான் பொருந்தவில்லை.

காரணம் அந்த மரத்தின் பிழைப்பிலேயே இருக்கிறது. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையால் தானே உணவு சமைத்துக்கொண்டாலும், பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பதித்து நீரும் சத்தும் உறிஞ்சும். நாற்றங்காலில் கன்றோடு துவரையையும் சேர்த்து நடுவது இதற்காகத்தான். வாசனை, நடுவிலுள்ள வைரத்தில் மட்டுமே. சுற்றியுள்ள வெள்ளைக் கட்டைக்கு மணமில்லை. வைரம் பாயத் தொடங்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நன்கு திரள முப்பதுக்கு மேல். எண்ணெய் அதிகம் வேரில் என்பதால் மரத்தை வேரோடு பறிப்பதுதான் வழக்கம்.

விலை வைரத்துக்குத்தானே, கட்டை கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கில் வெள்ளையைச் செதுக்கி, தரம் பிரித்து ஏலம் விட்டால் அரசுக்குப் பணம் வரத்தான் செய்கிறது. முற்றிய மரத்துக்கு இந்த வாதம் செல்லும். பதினைந்து வயது மரத்தை வெட்டியவன் கொண்டுபோனது விரல் பருமன் வைரம்; அழித்தது அடுத்த முப்பது ஆண்டு வளர்ச்சி. அதை எந்தக் கிடங்கும் திருப்பித் தராது. அபராதத்திலிருந்து ஈடு தரலாமே என்றால், பணம் போய்ச் சேருவது கருவூலத்துக்கு, மலைக்கல்ல. கன்றும் துவரையும் நட்டுப் பல ஆண்டு காப்பதே நேரான ஈடு. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவையோடு விடுகிறது. ஆனால் அது 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டுக்கு மட்டும். நல்ல சந்தன வைரம் ஒரு கிலோவே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.