துக்க வீட்டில் பாட்டு ஒலிக்கலாமா?

புறக்கோட்டையிலிருந்து தூர இடங்களுக்குப் புறப்படும் பஸ்களில் பழைய சிங்களப் பாடல்கள் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். மொழி புரியாவிட்டாலும் அந்தக் கிற்றார் ஒலி மனதில் நின்றுவிடும். அப்படியான பாடல்களைத் தந்தவர்களுள் முதன்மையானவர் கிளாரன்ஸ் விஜேவர்தன. சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாருக்கு முன்னிடம் பெற்றுக் கொடுத்தவர் என்று போற்றப்படுபவர் இவர்.

1943 ஆகஸ்ட் 3ஆம் திகதி பிறந்த இவர், 1966இல் அனஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்தார். அந்நாளில் ஹிந்தித் திரைப்பட மெட்டுகளைத் தழுவிய பாடல்கள் சிங்களத்தில் ஏராளம். கிளாரன்ஸ் தாமே எழுதி, தாமே மெட்டமைத்தார். அன்றாடப் பேச்சுமொழியே அவருக்குப் போதுமானதாயிற்று. ஒலிபரப்பாளர் விஜய கொரயா இக்குழுவை வானொலி மூலம் நாடறியச் செய்தார். பின்னர் 'கோல்டன் சைம்ஸ்', 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆகிய குழுக்களையும் கிளாரன்ஸ் நடத்தினார். 1975இல் வெளிவந்த 'சிக்குருலியா' திரைப்படத்துக்கு இசையமைத்தார். 1996 டிசம்பர் 13ஆம் திகதி, 53ஆவது வயதில் காலமானார். இன்றைய இளைஞர்களும் அவர் பாடல்களைப் பாடுகிறார்கள்.

அதே காலப்பகுதியில் எமது தமிழிலும் பொப் இசை பிறந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் நம் ஊர்ப் பேச்சைக் கிற்றாரோடு பாடினார்கள். மனோகரனின் 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் ஒன்றாகவே ஒலித்தன.

சகோதரிகளே, இந்த வரலாற்றில் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். மூன்ஸ்டோன்ஸ் குழுவில் பதின்ம வயதிலேயே பாட வந்தவர் இந்திராணி பெரேரா. பின்பு தம் சகோதரிகளுடன் 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்ற பெயரிலும் பாடினார். ஆனால் கிற்றாரைக் கையில் எடுப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது.

அந்த எண்ணம் தவறு என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினப் பெண் சிஸ்டர் ரொசெற்றா தார்ப் சாட்சி. 1915இல் ஆர்க்கன்சோ மாநிலத்தில் பிறந்து, சிறு குழந்தையாகவே தாயுடன் தேவாலயங்களில் கிற்றார் வாசித்துப் பாடியவர். 1938இல் இசைத்தட்டுகளுக்குப் பாடினார். எல்விஸ் பிரஸ்லி புகழ்பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மின்கிற்றாரை மேடையில் முழங்க வைத்தார். 1970இல் பக்கவாதம் தாக்கியது. நீரிழிவினால் ஒரு காலையும் இழந்தார். அதன் பின்பும் பாடினார். 1973இல் இறந்தபோது அவரது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் கூட இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தே அது நாட்டப்பட்டது. 2018இல் ரொக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

யுத்தம் 2009இல் முடிந்தது. அது தந்த துக்கம் பல வீடுகளில் இன்னும் முடியவில்லை. கணவனை இழந்தவள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவள், அவயவம் இழந்தவள் வாய்விட்டுப் பாடினால் "இவளுக்குக் கவலையே இல்லையோ" என்று அயல் சொல்லும். அந்தச் சொல்லுக்குப் பயந்து வீட்டில் வானொலியைக் கூடப் போடாதவர்கள் உண்டு. பெண்பிள்ளை பாட்டுப் பழகக் கேட்டால், "இந்த வீட்டில் பாட்டெதற்கு?" என்று தடுக்கும் தாய்மாரும் உண்டு.

பாடுவது இறந்தவரை மறப்பதாகாது. நம் முன்னோர் ஒப்பாரியைப் பாட்டாகவே பாடினார்கள். துக்கத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்தால் அது நித்திரையையும் உடம்பையும் கெடுக்கும். நாலு பெண்கள் கூடிப் பாடும்போது மூச்சு சீராகிறது. பக்கத்திலிருப்பவளின் குரல் துணையாகிறது. போனவர்கள் அதனால் திரும்பி வரமாட்டார்கள். ஆனால் இருப்பவர்கள் தனித்துப் போகாமல் இருக்கலாம்.

மகள் கிற்றார் பழக விரும்பினால் பாவித்த ஒன்றே போதும். நைலோன் தந்தி பூட்டியது என்றால் விரல் அதிகம் நோகாது. இரண்டு விரலால் பிடிக்கக்கூடிய எளிய 'கோட்' கூட உண்டு. அதிலிருந்து தொடங்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தின் முடிவில் பத்து நிமிடம் சேர்ந்து பாடுவதற்குப் பணமும் தேவையில்லை.

அயலவர் ஏதும் சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் ஒரு துக்கம் இருக்கும்.