கொசு கடிச்சது கையில்... வலிச்சது காலில்!

2006-ல் எங்கள் ஆபீஸில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்தோம். மானேஜர் முதல் டீ வாங்கி வரும் பையன் வரை, புதுச் செருப்பு கடித்த மாதிரி ஒரு நடை. உபயம்: சிக்குன்குனியா!

அந்தப் பெயருக்கே ‘வளைந்து போவது’ என்றுதான் அர்த்தம். தான்சானியாவில் மகோண்டே மக்கள் வைத்த பெயர். 1952-ல் அங்கேதான் முதலில் இந்த நோயைக் கண்டார்கள். 1964-ல் சென்னைக்கும் வேலூருக்கும் வந்து ஒரு ஆட்டம் போட்டது. எழுபதுகளுக்குப் பிறகு இந்தியாவில் ஆளையே காணோம். முப்பது வருஷம் கழித்து 2005 கடைசியில் திரும்பி வந்தது பாருங்கள்... 2006-ல் மட்டும் நாடு முழுக்க 13 லட்சம் பேருக்கு மேல் சந்தேகப் பட்டியலில் ஏறினார்கள். அதில் அடியேனும் ஒருவன்.

சடையங்குப்பத்தில் கொசுவுக்கா பஞ்சம்? பூண்டியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு எங்கள் ஊரில் குசலம் விசாரித்துவிட்டுத்தான் எண்ணூர்க் கடலுக்குப் போகும். ஆனால் சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைப் பேர்வழி இல்லை. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். குடிக்கப் பிடித்து வைத்த டிரம், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், அங்கேதான் ஜாகை. கடிப்பதும் பகலில். ராத்திரி கொசுவத்தி ஏற்றி அதை என்ன செய்ய முடியும்?

காய்ச்சல் ஐந்து நாளில் போய்விட்டது. வலி போகவில்லை. காலையில் பாயை விட்டு எழுந்து பாதத்தைத் தரையில் ஊன்றினால், கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை கண்ணாடித் துண்டு மேல் நிற்பது போல இருக்கும். பீச் ரயிலைப் பிடிக்க நான் ‘ஓடிய’ ஓட்டத்தைப் பார்த்து, திருவொற்றியூர் ஸ்டேஷனில் ஒரு ஆயா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அப்போது எனக்கு வயது இருபத்தாறு!

“இன்னாடா, கெய்வன் மாதிரி நடக்கிற? குந்து இங்க” என்றாள் அம்மா.

செங்கல்லை அடுப்பில் சுட்டு இறக்கி, அதன் மேல் எருக்கிலையைப் பரப்பினாள். இலை மேல் குதிகாலை வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

“ம்மா, சுடுதும்மா!”

“சுடாம? ஜில்லுன்னா இருக்கும்?”

ராத்திரியில் உப்பு ஒத்தடம். கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, கணுக்காலைச் சுற்றி ஒத்தி எடுப்பாள். பத்து நிமிஷத்தில் அந்தக் கால் மறுபடி என் காலாகிவிடும். மறுநாள் காலை வரைக்கும்தான்... இருந்தாலும் அந்தத் தூக்கம் இருக்கிறதே!

சூட்டில் அப்படி என்ன இருக்கிறது? சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன; இறுகிக் கிடந்த தசை தளர்கிறது. இன்னொன்று, 1965-ல் மெல்சாக், வால் என்று இரண்டு பேர் சொன்ன ‘கதவு’ சமாசாரம். வலிச் செய்தி முதுகுத் தண்டில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. அதே நேரத்தில் வேறு உணர்ச்சியும் வந்து முட்டினால் கதவு பாதி சாத்திக்கொள்கிறது. முட்டியை இடித்துக்கொண்டால் உடனே பரபரவென்று தேய்க்கிறோமே, அதே கணக்கு.

ஆனால் சூடு வலியைத்தான் ஆற்றுகிறது, நோயை அல்ல. உண்ணி கடித்து வருகிற ‘லைம்’ நோய் அமெரிக்காவில் பிரசித்தம். அதிலும் மூட்டுவலி மாசக்கணக்கில் இழுக்கும். உடம்பையே சூடேற்றிக் கிருமியைக் கொல்கிறோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அது நிரூபணம் ஆகவில்லை. சிக்குன்குனியாவில் கிருமி சீக்கிரமே ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. தங்கிப்போவது மூட்டு அழற்சி. மூட்டு சிவந்து வீங்கிக் கொதிக்கும்போது ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். அப்போது ஐஸ்தான் சரி. காலையில் விறைத்துக்கொள்கிற பழைய வலிக்குத்தான் சூடு. மூன்று மாசம் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டுவாத டாக்டரைப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இப்போது பக்கத்து வீட்டு மாமா கதைக்கு வருகிறேன். ஹார்பரில் வேலை பார்த்து ரிடையரானவர். அவருக்கும் அதே வருஷம் அதே வலி. என் அம்மாவைப் பார்த்துவிட்டு, பேசினில் வென்னீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். “சூடே தெரியலியே”ன்னு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பேப்பர் முடிந்து காலை எடுத்தால், பாதம் முழுக்கக் கொப்புளம்! மாமாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பாதத்து நரம்பு எப்போதோ மரத்துப்போயிருக்கிறது.

நமக்குச் சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் ‘ஐயோ’ என்று கத்துகிற ஒரு புரதம் நரம்பு முனையில் இருக்கிறது. மிளகாய் கடித்தால் ‘எரியுது’ என்கிறோமே, அதற்கும் அதுதான் பொறுப்பு. 1997-ல் அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் அந்தக் கத்தல் மூளைக்குப் போய்ச் சேராது.

ராயபுரத்தில் 1954-ல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பாதப் பிரச்னைக்கென்றே பெயர் பெற்ற இடம். பாத உணர்ச்சியை டாக்டர்கள் சோதிக்கும் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு நைலான் நரம்புத் துண்டு! பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள். தொட்டது தெரியவில்லை என்றால், அந்தக் காலுக்கு வென்னீரும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்து, ‘கால் வலி’ என்று போனில் சொன்னால், ஒத்தடம் கொடுக்கச் சொல்வதற்கு முன் இந்தச் சோதனைக்கு அழைத்துப் போங்கள் சார்.

மாமாவின் புண் ஆற நாலு மாசம் ஆயிற்று. இப்போதெல்லாம் குளிக்கிற தண்ணீரில்கூட மாமி முழங்கையை விட்டுப் பார்த்து, “ம்... வாங்க” என்று சொன்ன பிறகுதான் மாமா பாத்ரூமுக்குள்ளேயே போகிறார்.