இரண்டே கட்டம் உள்ள விண்ணப்பம்: பணியிடமும் பன்மையும்

‘டைவர்சிட்டி’ என்கிற சொல் நல்லம்பள்ளிக்கும் வந்துவிட்டது. ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற நம்மூர்ப் பிள்ளைகள் பயிற்சி வகுப்பில் அதைக் கேட்டுவிட்டு வந்து, “அது என்னண்ணா, கோட்டா மாதிரியா?” என்கிறார்கள். சரியான கேள்வி. பணியிடப் பன்மை என்பது இடஒதுக்கீட்டின் இன்னொரு பெயரா, அல்லது இடஒதுக்கீட்டைப் பேசாமல் இருப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பெயரா? இதைப் பிரித்துப் பார்க்காமல் இந்தச் சொல்லைக் கொண்டாடவும் முடியாது, தள்ளவும் முடியாது.

தூரத்து உதாரணம் வேண்டாம். 2017 ஏப்ரலில் பிரித்திகா யாஷினி என்கிற திருநங்கை, காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். இந்தியாவிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் திருநங்கை என்று பத்திரிகைகள் எழுதின. நாம் கவனிக்க வேண்டியது அந்த ‘முதல்’ என்பதை அல்ல, அதற்கு முன்னால் நடந்ததை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டங்கள். மூன்றாவது கட்டம் இல்லை, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திருநர்களைத் தனிப் பாலினமாக ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் படிவம் மாறவில்லை. அவர் ஒவ்வொரு கட்டத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. எழுத்துத் தேர்வில் அவருக்கென்று தகுதி மதிப்பெண் எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை, அதற்கு ஒரு வழக்கு. ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பிந்தியதற்கு இன்னொரு வழக்கு. 2015 நவம்பரில் நீதிமன்றம் அவரை நியமிக்கச் சொன்னது. அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்தைத் தனிப் பிரிவாகச் சேர்க்கவும் சொன்னது.

இங்கே யாரும் அவரை “வராதே” என்று சொல்லவில்லை. படிவம் சொன்னது. விலக்குகிறவன் முகம் தெரியாமல் விலக்கு நடப்பதுதான் நவீன பணியிடத்தின் தனித்தன்மை. ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறைச்சாலை பற்றிய நூலில் தேர்வு என்கிற சடங்கை ஆராய்கிறார். ஆளைக் கண்காணிப்பதும் அவனை ஓர் ‘இயல்பான’ அளவோடு ஒப்பிட்டுத் தீர்ப்பிடுவதும் தேர்வில் ஒன்றுசேர்கின்றன என்பது அவர் வாதம். அந்த அளவு யாருடைய உடம்பில் எடுத்தது என்று கேட்டால்தான் பன்மை பற்றிய பேச்சே தொடங்குகிறது.

“எல்லாருக்கும் ஒரே ரூல்தானே, இதுல என்ன பாகுபாடு?” என்பார்கள். அமெரிக்காவில் இதே வாதத்தைத்தான் டியூக் பவர் என்கிற மின் கம்பெனி வைத்தது. அதன் ஆலையொன்றில் கறுப்பினத்தவருக்கு மிகக் குறைந்த கூலியுள்ள ஒரே பிரிவில் மட்டும்தான் வேலை. 1965இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், நல்ல வேலைகளுக்குப் பள்ளியிறுதிச் சான்றிதழும் அறிவுத்திறன் தேர்வுகளும் வேண்டும் என்றது கம்பெனி. விதி எல்லாருக்கும் பொதுதான், ஆனால் காலங்காலமாக நல்ல பள்ளி மறுக்கப்பட்டவர்களை அது வெளியே நிறுத்தியது. அந்தத் தேர்வுக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்கவும் கம்பெனியால் முடியவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. நம் உச்ச நீதிமன்றம் அங்கு வந்து சேர 2021 மார்ச் ஆயிற்று. ராணுவத்தில் நிரந்தரப் பணி கேட்ட பெண் அதிகாரிகளின் உடல்தகுதியை அவர்களுடைய நடுவயதில் அளந்தார்கள். கூடச் சேர்ந்த ஆண்களுக்கு அதே அளவு இளம்வயதிலேயே எடுத்து முடிந்திருந்தது. அளவு ஒன்று, அளந்த காலம் வேறு. நோக்கம் இல்லாவிட்டாலும் விளைவு பாகுபாடாக இருக்கலாம் என்கிற மறைமுகப் பாகுபாட்டுக் கருத்தை நீதிமன்றம் அந்த வழக்கில் ஏற்றது.

ஆகப் பன்மையைப் புரிந்துகொள்வது என்றால், பலவித முகங்களைச் சேர்த்துப் புகைப்படம் எடுப்பது அல்ல. பொதுவானது, இயல்பானது, தகுதி என்று சொல்லப்படுகிற ஒவ்வொன்றும் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பிரித்துப் படிப்பது. கவிதையைப் படிக்கத் தெரிந்த நமக்கு வேலை விளம்பரத்தைப் படிப்பது கஷ்டமா என்ன?

தமிழ்நாட்டில் இந்த வாசிப்புக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தபோது அதன் மொழி பன்மை அல்ல, பிரதிநிதித்துவம். 1951இல் அந்த ஏற்பாடு நீதிமன்றத்தில் வீழ்ந்ததும், அதைக் காப்பாற்ற அரசியல் சட்டமே முதல்முறையாகத் திருத்தப்பட்டது. இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. பிரதிநிதித்துவம் என்பது உரிமை, கேட்டு வாங்குவது. ‘டைவர்சிட்டி’ என்பது முதலாளி தருவது. பலவிதமானவர்கள் இருந்தால் புதுப்புது யோசனை வரும், லாபம் கூடும் என்று மேலாண்மை நூல்கள் அதற்குக் காரணம் சொல்கின்றன. லாபம் கூடாவிட்டால்? எடுத்துவிடலாம். தனியார் துறையில் சாதிவாரி இடஒதுக்கீடு இல்லாத நாட்டில், இந்தச் சொல்லை ஒதுக்கீட்டின் இடத்தில் உட்காரவிடக் கூடாது. ஒதுக்கீட்டுக்கு மேலே, அது எட்டாத இடங்களுக்கு என்றால் வரட்டும்.

எட்டாத இடம் எது? வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே நடப்பது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் செய்த முதல் வேலை அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தது. போராட்டம் வந்த பிறகே உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். வேலை சட்டப்படி கிடைத்துவிட்டது, ஆனால் அவர் கைச்சோற்றை ஏற்கிற பணியிடம் கிடைக்கவில்லை. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவரோடொருவர் சேரவிடாமல் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் காட்டியது இதைத்தான். நான் கொஞ்ச நாள் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் யாரும் சாதி கேட்கமாட்டார்கள். “எந்த ஊரு? ஊருக்குள்ளயா, வெளியிலயா?” என்று மட்டும் கேட்பார்கள். பதில் வந்த மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் வரிசை மாறிவிடும். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் சாட்சியம் இருக்காது.

பெண்கள் விஷயத்தில் சங்கதி வேறு மாதிரி. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து கையில் சம்பளம் வாங்குவதைச் சின்ன மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினார்கள் என்றது. பாகுபாடு காட்டவில்லை என்று கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஒரே வயது, ஒரே நிலை, விடுதியில் தங்கும் உடம்பு என்று தேர்ந்தெடுத்தால், ஆண் என்கிற ஒற்றை அளவுக்குப் பதில் இன்னொரு ஒற்றை அளவு வந்திருக்கிறது, அவ்வளவே. எண்ணிக்கை கூடுவதும் பன்மை கூடுவதும் ஒன்றல்ல.

பணியிடம் ஊரிலிருந்து துண்டிக்கப்பட்ட தீவும் அல்ல. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி, நம் மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. எரிந்தவற்றில் பல, ஊர் நிலத்தை நம்பியிராமல் பெங்களூரு போன்ற வெளியூர்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் எழுந்தவை. நகரத்து வேலை கொடுத்த நிமிர்வை ஊர் பொறுக்கவில்லை. கம்பெனியில் அருகருகே நின்று வேலை செய்கிறவர்கள் பண்டிகைக்கு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ஊருக்கும் காலனிக்குமாகப் பிரிந்து நடக்கிறார்கள். பயிற்சி வகுப்பின் அரை மணி நேரம் இதை மாற்றாது. ஆனால் எட்டு மணி நேரம் கூட நிற்கிற அனுபவம், தொழிற்சங்கம் அதைப் பேச்சாக்கினால், மாற்றக்கூடும்.

சரி, என்ன செய்யலாம்? ஆள் எடுப்பது எப்படி என்று முதலில் கேட்போம். ‘தெரிஞ்ச பையன்’ வழியாக எடுத்தால் எடுத்தவன் சாதியே திரும்பத் திரும்ப வரும். காலியிடத்தைப் பகிரங்கமாக ஒட்டச் சொல்லுவோம். தேர்வில் வேலைக்குத் தொடர்பில்லாத நிபந்தனை இருந்தால், அது எதற்கு என்று எழுத்தில் விளக்கம் கேட்போம். கையில் இருக்கிற சட்டங்களையாவது பயன்படுத்துவோம். 10 பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்கும் உள்ளகக் குழு 2013 முதல் கட்டாயம். 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் 2017 முதல் கட்டாயம். மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியார் நிறுவனங்களும் எழுதி வெளியிட்டாக வேண்டும். நம்மூர்ப் பக்கம் எத்தனை சுவரில் அது ஒட்டியிருக்கிறது என்று போய்ப் பார்ப்பதே ஒரு நாள் வேலைத்திட்டம். சாதி சார்ந்த அவமதிப்பை விசாரிக்க இப்படியொரு குழு எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்பது அடுத்தது.

கடைசியாக, எண்ணச் சொல்லுவோம். யார் எந்தப் படியில் இருக்கிறார்கள், கூட்டிப் பெருக்குகிறவர் யார், கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று ஆண்டுதோறும் எண்ணி வெளியிட வேண்டும். எண்ணாத வரைக்கும் “எங்ககிட்ட அதெல்லாம் இல்லீங்க” என்கிற வாக்கியம் செல்லுபடியாகும். தொழிற்சங்கங்கள், கட்சி அலுவலகங்கள், சிறுபத்திரிகை ஆசிரியர் குழுக்கள் எல்லாமே பணியிடங்கள்தான். கணக்கு அங்கிருந்தும் வரட்டும்.