உடம்பு பருத்தவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி: மூச்சை யார் பார்த்துக்கொள்வார்கள்?



“எனக்கு உடம்பு ஜாஸ்தி. மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்கவே மாட்டேன்னு சொல்றாங்களே, நெசமா நர்சம்மா?”

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கு.க. ஆபரேஷனுக்குப் பெயர் கொடுக்க வரும் தாய்மார்களுக்கு வருகிற சந்தேகம் இது. கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் எடை கூடியவர்கள். பயத்துக்குக் காரணமும் உண்டு, அதற்கு வழியும் உண்டு.

லேப்ராஸ்கோப்பியைச் சிலர் லேசர் ஆபரேஷன் என்கிறார்கள். லேசர் ஒன்றும் கிடையாது. தொப்புளருகே சிறு துளை போட்டு, வயிற்றுக்குள் வாயு நிரப்பி, குழாய் வழியாகப் பார்த்துச் செய்வதுதான். நிரப்புவது கார்பன் டை ஆக்ஸைடு. அது ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். சாதாரணக் காற்று அப்படிக் கரையாது, ரத்தக் குழாயில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. 2014இல் ஒடிசாவில் ஒரு முகாமில் சைக்கிள் பம்பால் காற்றடித்தார்கள் என்ற செய்தி ஏன் அவ்வளவு அதிர்ச்சி தந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

இனி மூச்சின் கதை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால்தான் நுரையீரல் விரியும். வயிறு பெருத்தவர் மல்லாந்து படுத்தாலே கொழுப்பு அந்தத் தசையை மேலே தள்ளும். இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்று சிலர் சொல்வது இதனால்தான். ஆபரேஷனில் வாயு வேறு நிரப்புகிறார்கள். கருக்குழாய் நன்றாகத் தெரிவதற்காகத் தலைப்பக்கத்தையும் தாழ்த்துகிறார்கள். நுரையீரலின் அடிப்பகுதி நனைந்த பிளாஸ்டிக் பை போல ஒட்டிக்கொள்ளப் பார்க்கும்.

ஒல்லியானவர்களுக்குப் பல இடங்களில் மரத்துப்போகும் ஊசியோடு இந்த ஆபரேஷன் முடிந்துவிடுகிறது. எடை மிகுந்தவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்து, தொண்டை வழியே குழாய் வைத்து, இயந்திரத்தால் மூச்சு கொடுப்பது உண்டு. “வென்டிலேட்டர்ல வெச்சுட்டாங்களா!” என்று வெளியே உட்கார்ந்து அழ வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பெயரே பயமாகிவிட்டது. இங்கே அது ஆபரேஷன் நேரத்துக்கு மட்டும். சொந்த மூச்சு திரும்பியதும் பொதுவாக அங்கேயே குழாயை எடுத்துவிடுவார்கள்.

எவ்வளவு காற்று கொடுப்பது? உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 155 செ.மீ. உயரமுள்ள பெண் 90 கிலோ இருந்தாலும், அந்த உயரத்துக்கு உரிய 48 கிலோவுக்குத்தான் கணக்கு. கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்றால் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 290 முதல் 385 மில்லி. 90 கிலோவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் நுரையீரல் புண்ணாகும். வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு வரும் வாயுவை வெளியேற்ற, மூச்சின் அளவைவிட வேகத்தைத்தான் கூட்டுவார்கள். மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் ஒட்டாதபடி உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிறுத்துவார்கள். அந்த அழுத்தம் எவ்வளவு? உடல் பருத்த சுமார் 2000 பேரிடம் 23 நாடுகளில் 4 செ.மீ., 12 செ.மீ. நீர் அழுத்தங்களை ஒப்பிட்டார்கள். நுரையீரல் தொல்லைகள் குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019இல் முடிவு வந்தது. ஆகவே எல்லாருக்கும் ஒரே எண் கிடையாது. மயக்க மருந்து டாக்டர் ஆளைப் பார்த்துத்தான் வைப்பார்.

உண்மையில் கஷ்டமான நேரம் குழாய் வைப்பதற்கு முந்தைய சில நிமிஷங்கள்தான். முன்கூட்டியே ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால் சாதாரண உடம்பு மூச்சில்லாமல் சுமார் 8 நிமிஷம் தாங்கும். மிகப் பருத்த உடம்பு 3 நிமிஷம்கூடத் தாங்காமல் போகலாம். அதனால்தான் தலையையும் தோளையும் உயர்த்திப் படுக்கவைத்து, முகமூடி வழியே ஆக்ஸிஜன் நிறையக் கொடுக்கிறார்கள். முகமூடியைத் தள்ளிவிடாதீர்கள்.

நீங்கள் மறைக்கக் கூடாதது குறட்டை. “பொம்பளை குறட்டை விடுறான்னு எப்படிச் சொல்றது?” என்று நினைப்பவர்கள் உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பது பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே கணவரையோ மாமியாரையோ கூட அழைத்து வந்து டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவதையும் சொல்லுங்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி என்றால் 8 மணி நேரம். பால் விட்ட டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம்.

“இங்கே வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அலைக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம். இந்த வசதியெல்லாம் உள்ள இடம் தேவை என்பதே காரணம். இன்னொன்றும் வீட்டில் பேசுங்கள்: கணவருக்கான நவீன வாசக்டமியில் வயிற்றில் வாயு இல்லை, முழு மயக்கமும் பொதுவாகத் தேவையில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுங்கள். நர்ஸ் சொன்னவுடன் எழுந்து உட்கார்ந்து, ஆழமாக மூச்சு இழுத்து விட்டு, நாலடி நடங்கள். ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். மிச்சமுள்ள வாயுவின் வேலை அது. மூச்சுத் திணறல், காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.