வகுப்பறைக்கு நாய் வரலாமா?

சத்துணவு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் தட்டு கழுவுகிற நேரத்தில், சுற்றுச்சுவர் சரியில்லாத பள்ளிக்குள் நாலைந்து தெருநாய்கள் வந்து நிற்கும். ஒரு பிள்ளை பெயர் வைத்துத் தடவிக்கொடுக்கும். இன்னொன்று அலறி ஓடும். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைகளின் மனத்தைத் தேற்றப் பயிற்சி பெற்ற 'சிகிச்சை நாய்' என்றதும் தயங்கினால், அதில் நியாயம் இருக்கிறது.

பலன் என்ன?

1999-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், பிள்ளைகள் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. திக்கித் திணறி வாசிக்கிற பிள்ளையைப் பார்த்து நாய் சிரிக்காது. குறுக்கிட்டுத் திருத்தவும் செய்யாது. கூச்சம் குறையும்போது குரல் வெளியே வருகிறது. சென்னையில் ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பும் 'டாக்டர் டாக்' என்ற பெயரில் இத்தகைய நாய்களைப் பிள்ளைகளிடம் அழைத்துச் சென்றிருக்கிறது.

ஆபத்து என்ன?

ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. நோய்ச் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டுக்குப் பயந்து கீறலை மறைக்கிற பிள்ளைகளும் உண்டு. ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்களையும் மறந்துவிடக் கூடாது.

பள்ளி கேட்க வேண்டியவை

வளாகத்தில் பழகிவிட்ட தெருநாய் சிகிச்சை நாய் ஆகாது. தடுப்பூசிச் சான்று, கால்நடை மருத்துவரின் பரிசோதனை, கயிற்றை விடாத பயிற்சியாளர், ஒவ்வொரு பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அனுமதிக்கக் கூடாது. முடிவைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே எழுதுங்கள். பயப்படும் பிள்ளையை "தொட்டுப் பாரு" என்று வற்புறுத்தாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு மனரீதியான துன்புறுத்தலைத் தடை செய்கிறது. களைத்த நாய்க்கும் ஓய்வு வேண்டும்.

உரிமையும் தீர்வும்

பள்ளி வளாகங்களில் தெருநாய்கள் நுழையாதபடி வேலி அமைக்கவும், உள்ளே இருப்பவற்றை அப்புறப்படுத்தவும், கடி தவிர்க்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. அதைச் சுட்டிக்காட்டித் தலைமை ஆசிரியர் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவைக்கலாம். நாய்களை அடிப்பதோ விஷம் வைப்பதோ குற்றம். வளர்ப்பு நாயை அலட்சியமாக விட்டு ஆபத்து உண்டாக்கும் உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கடித்தாலோ கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பாதீர்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-வது நாள்களில் ஊசி. ரத்தம் கசிந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பயிற்சி பெற்ற நாயை வரவேற்பதற்கு முன் சுற்றுச்சுவரைச் சரிசெய்யுங்கள், சோற்று மிச்சத்தை மூடிவையுங்கள். "நாய் கீறினால் உடனே சொல்லு, திட்டமாட்டோம்" என்று இன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.