மாணவியின் ரகசியமும் ஒரு தொலைபேசி அழைப்பும்

1988-ம் ஆண்டு, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம். 13 வயது மாணவி ஒருத்தி சாகப்போவதாகச் சொன்னதைக் கேட்டுப் பதறிய தோழிகள் பள்ளி ஆலோசகரிடம் ஓடினார்கள். ஆலோசகர்கள் இருவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றாள். விஷயம் அதோடு முடிந்தது. பெற்றோருக்குத் தகவல் போகவில்லை. பிறகு அந்தச் சிறுமி உயிரிழந்தாள்.

தந்தை வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் கைவிரித்தது. மரணம் நடந்தது விடுமுறை நாளில், பள்ளிக்கு வெளியே. ஆனாலும் 1991-ல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆபத்து தெரிந்தபின் தடுக்க முயல்வது ஆலோசகர்களின் கடமை என்றது. தந்தைக்கு ஒரு போன் செய்திருந்தால் அந்தக் கடமை நிறைவேறியிருக்கும் என்றும் குறிப்பிட்டது.

அந்த ஆலோசகர்களை அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சொன்னது வெளியே போகும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? இந்தத் தொழிலே ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. அவர்கள் பிசகியது, பயந்துபோன சிறுமியின் மறுப்பையே விடையாக எடுத்துக்கொண்டதில்.

பள்ளி உளவியலாளர்களுக்கான அமெரிக்கத் தேசியச் சங்கத்தின் நெறிமுறைகள் (இப்போதுள்ளது 2020-ம் ஆண்டுப் பதிப்பு) இந்தச் சிக்கலை முதல் சந்திப்பிலேயே அணுகச் சொல்கின்றன. எது ரகசியமாக இருக்கும், எந்தக் கட்டத்தில் இருக்காது என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி அப்போதே சொல்லிவிட வேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதுதான் பெரிய துரோகம்.

தற்கொலை எண்ணம் என்றால் வழி தெளிவு. போதை, காதல், கர்ப்பம் என்று வரும்போதுதான் குழப்பம். சம்பளம் தருவது பள்ளி, சட்டப்படி உரிமை பெற்றோருக்கு, நம்பி வந்ததோ பிள்ளை. அடிப்பவரே தந்தையாக இருந்தால் யாருக்குப் போன் செய்வது? சட்டம் என்ன சொல்கிறது, நெறிமுறை என்ன சொல்கிறது, எந்த முடிவு யாரை எப்படிப் பாதிக்கும் என்று வரிசையாக யோசித்து, எழுதியும் வைக்கும்படி இந்தத் துறையில் சொல்வது இதற்காகத்தான். என்னைக் கேட்டால், இதில் முக்கியம் சக உளவியலாளர் ஒருவரிடம் கலந்து பேசுவது. தனியாக எடுக்கும் முடிவில், நமக்குச் சங்கடம் குறைவான வழியே சரியான வழியாகத் தோன்றிவிடும்.

இந்தியாவில் ஒரு விஷயத்தில், சொல்வதா வேண்டாமா என்ற தயக்கத்துக்கு இடமே இல்லை. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் காவல் துறையிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை.